கரையும் சேர்ந்ததுதான் காவிரி

காவிரி என்றதும் நம் பேச்சு டி.எம்.சி. கணக்கில்தான் போய் நிற்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னபோது, ஆண்டுக்கு 740 டி.எம்.சி. என்று கணக்கிடப்பட்ட நீர் இப்படிப் பிரிந்தது: தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மிச்சம் 14. அதில் 4 டி.எம்.சி. எப்படியும் கடலில் சேர்ந்துவிடும் என்று கழிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென்று எழுதப்பட்டது 10 டி.எம்.சி. மொத்த நீரில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட வராது.

அந்தப் பத்து டி.எம்.சி.க்கு வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாத பங்காளிகள் பலர். நீர்நாய், முதலை, ஆமை, மஹ்சீர் மீன், ஆற்று ஆலா, சாம்பல் நிற அணில், பாறுக் கழுகு என்று பட்டியல் நீளும். இவற்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. தண்ணீரோடு கரையும் வேண்டும் என்பதுதான் பலருக்குப் புரியவில்லை. மணலையும் மண்ணையும் மரத்தையும் எடுத்துவிட்டு வெறும் நீரை மட்டும் ஓடவிட்டால், ஓடுவது வாய்க்கால்தான். கரையோர வாழிடம் எப்படி இயங்குகிறது, எதனால் கெடுகிறது, எப்படி மீட்கலாம் என்பதைக் காவிரியையும் அதன் துணையாறுகளையும் வைத்தே பார்ப்போம்.

கரை எங்கே தொடங்குகிறது?

வேனில் காலத்தில் ஒகேனக்கலுக்கு மேலே, பிலிகுண்டுலு பக்கம் ஆற்றின் நடுவிலிருந்து கரையை நோக்கி நடந்தால் ஒன்றையடுத்து ஒன்றாக ஐந்து வாழிடங்களைக் கடக்கலாம்.

முதலில் மடு. ஆறு வற்றி ஓடையாக ஒடுங்கினாலும் ஆழமான மடுக்களில் தண்ணீர் நிற்கும். கோடை முழுவதும் மீன்கள் பிழைத்துக் கிடப்பது இங்கேதான். அடுத்த மழைக்கு ஆறு நிறையும்போது இங்கிருந்துதான் அவை மறுபடி ஆறெங்கும் பரவும்.

இரண்டாவது, மணல் திட்டும் பாறைத் திட்டும். நீர் இறங்கியதும் தலைகாட்டும் இந்த வெற்றிடத்தைப் பார்த்தால் உயிரற்றது போலத் தோன்றும். ஆனால் முட்டையிடும் இடமே இதுதான்.

மூன்றாவது, நீர் விளிம்பில் கோரையும் நாணலும் அடர்ந்த பகுதி. மீன்குஞ்சுகளும் தவளைகளும் ஒளிந்து வளர்வது இதற்குள்.

நான்காவது, ஆறு வளையும் இடத்தில் செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும் மண் கரை.

ஐந்தாவது, மரங்களின் வரிசை. நீர்மத்தி, நாவல், புங்கன், அத்தி, இலுப்பை, இடையிடையே மூங்கில். நீர்மத்தியை நீர்மருது என்றும் சொல்வார்கள். சுற்றியுள்ள மலைகளில் புதர்க்காடு காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் இந்த வரிசை மட்டும் பச்சையாக நிற்கும். ஓசூர்க் காடுகளின் யானைகள் கோடையில் ஆற்றை நாடி வருவது தண்ணீருக்கு மட்டுமன்று. இந்த நிழலுக்கும் தழைக்கும்தான்.

ஐந்தும் சேர்ந்திருந்தால்தான் ஆற்றங்கரை முழுமையாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே விலங்குக்கு இவற்றில் இரண்டு மூன்று ஒருங்கே தேவைப்படும். முதலைக்குக் கிடக்க மடு, வெயில் காயத் திட்டு, முட்டையிடக் கரை என மூன்றும் வேண்டும். ஒன்று போனால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

நிழல் செய்யும் வேலை

கரையோர மரம் ஆற்றுக்குச் செய்யும் முதல் உதவி நிழல். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்து நிற்பது குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாக இறங்கிவிடும். வெப்பம் கூடும்போது மீனின் உடல் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கும். அதே நேரத்தில் தண்ணீர் குறைவாகவே கொடுக்கும். ஓடும் நீரில் பழகிய மஹ்சீர் போன்ற பெரிய மீன்கள்தான் இந்த நெருக்கடியை முதலில் உணரும். கோடையில் வற்றிய ஆற்றின் மேல் ஒரு மரம் கவிழ்ந்து நிற்பதும் நிற்காமல் போவதும் அவற்றுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

இரண்டாவது உதவி உணவு. நீரில் விழும் இலை வீணாவதில்லை. பூஞ்சையும் நுண்ணுயிர்களும் அதை ஊறவைத்து மென்மையாக்கும். நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்களும் நண்டும் இறாலும் அதைத் தின்னும். அவற்றைத் தட்டானின் இளம் பருவம் வேட்டையாடும். தட்டான் பறப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் கழிகிறது. அதை மீன் தின்னும், மீனை நீர்நாய் தின்னும். கரையோர அத்தி பழுத்து உதிர்ந்தால் மஹ்சீர் மேலே வந்து பழத்தையே கவ்விக்கொள்ளும். ஆற்று மீனின் உடம்பில் காட்டு மரத்தின் சத்து இருக்கிறது என்பது வெறும் அலங்காரப் பேச்சில்லை.

மூன்றாவது உதவி வடிகட்டுவது. வயலிலிருந்து வழிந்து வரும் யூரியாவும் பாஸ்பேட்டும் ஆற்றில் சேருமுன் கரையின் வேர்களிலும் புல்லிலும் ஓரளவு தங்கிவிடும். அந்தப் பச்சைப் பட்டை இல்லாத இடத்தில் உரம் நேராகத் தண்ணீரில் இறங்கும். அங்கே பாசியும் ஆகாயத்தாமரையும் கொழிக்கும்.

நான்காவது, பிடிமானம். வேர் பின்னிய கரையை வெள்ளம் எளிதில் அறுக்காது. கரையோர விவசாயிக்குத் தன் நிலம் ஆற்றோடு போகாமல் காப்பது இந்த வேர்தான்.

ஒரு நீர்மத்தியைக் கிட்டே போய்ப் பார்த்தால்

முதுமலைக்கு அருகே ஓடும் மோயாறு பவானிசாகர் அணையில் பவானியோடு கலக்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. இந்த மோயாற்றுக் கரையில் முதிர்ந்த நீர்மத்தி மரங்கள் உண்டு. பட்டை சாம்பல் வெண்மையாக, தகடு தகடாக உரியும். காயைக் கையில் எடுத்தால் நீளவாக்கில் ஐந்து சிறகுகள் விரிந்திருக்கும். அந்தச் சிறகோடு அது நீரில் மிதந்து போகும். வெள்ளம் வடியும்போது ஈரமான மண்ணில் ஒதுங்கி முளைக்கும். வெள்ளம் வருவதும் வடிவதும் இந்த மரத்துக்கு விதைப்புக் காலம்.

மரத்தின் உச்சியில் குச்சிகளை அடுக்கிய பெரிய கூடு தென்பட்டால், அது வெண்முதுகுப் பாறுவினுடையதாக இருக்கலாம். ஒரு காலத்தில் இந்தியாவெங்கும் திரிந்த இந்தப் பாறுக் கழுகு, மாட்டுக்குப் போட்ட டைகுளோஃபினாக் என்ற வலிமருந்தால் 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்கு அழிந்தது. கால்நடைக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2006இல் தடை வந்தது. அதேபோலப் பாறுகளைக் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகளுக்கு 2023இல் தடை வந்தது. இன்று தென்னிந்தியாவில் இந்தப் பறவைக்கு மிஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும்; அந்த முட்டைக்குப் பெரும்பாலும் அது தேர்ந்தெடுப்பது ஆற்றோர நீர்மத்தியின் உயரத்தைத்தான். பாறுக் கழுகுக்கு நஞ்சில்லாத இறைச்சி கிடைத்தால் மட்டும் போதாது. கூடு கட்ட முதிர்ந்த மரமும் வேண்டும். அத்தகைய மரம் உருவாக ஒரு மனித ஆயுள் பிடிக்கும்.

கொஞ்சம் கீழே, கிளைகள் ஒன்றோடொன்று உரசும் மட்டத்தில், சாம்பல் நிற அணிலின் இடம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பெரிய அணில் இது. திருவில்லிபுத்தூர்ச் சரணாலயம் 1988இல் இதற்காகவே அமைந்தது. காவிரிக் கரையிலும், கேரளத்தில் சின்னாறு, பாம்பாற்றுக் கரைகளிலும் இது ஆற்றோர மரங்களை ஒட்டியே வாழ்கிறது. தரையில் இறங்குவதை முடிந்தவரை தவிர்க்கும். மரத்துக்கு மரம் தாவியே போய்வரும். கூட்டையும் பக்கத்து மரங்களோடு கிளை தொடும் மரத்தில்தான் கட்டும். ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தப்பியோட வழி வேண்டும் அல்லவா? வரிசையில் நான்கைந்து மரங்களை வெட்டினால் நமக்கு அது சிறு இடைவெளி. அணிலுக்கு அங்கே ஊர் முடிந்துபோகிறது.

மரத்தின் அடியில், வேர்களும் பாறைகளும் சேர்ந்து பொந்தாகும் இடத்தில் நீர்நாயின் வளை இருக்கும். சங்கப் பாடல்கள் அறிந்த விலங்கு இது. குடும்பமாகச் சேர்ந்து மீன் பிடிக்கும். பிடித்து முடித்ததும் மணல் திட்டில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும். பாறைமேல் மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சத்தை விட்டுத் தன் எல்லையைச் சொல்லும். அந்த எச்சம் கண்ணில் பட்டால் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: அந்தப் பகுதியில் போதிய மீன் இருக்கிறது, ஒளிய மறைவு இருக்கிறது, மனித நடமாட்டம் அளவோடு இருக்கிறது. ஒரு மரத்தின் உச்சி, நடு, அடி என்று மூன்று மட்டத்தில் மூன்று அரிய உயிர்களுக்கு இடம் தரும் கரையை வேறு எதைக் கொண்டு ஈடுகட்ட முடியும்?

மணலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும்

மணல் திட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலை பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் கரையில் குழி தோண்டி முட்டையிடும். மணலின் சூடுதான் அடைகாக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தச் சூடுதான். மழைக்காலத்துக்குச் சற்று முன்பு குஞ்சுகள் வெளிவரும். ஆற்று ஆலா என்ற பறவை கூடே கட்டுவதில்லை. திட்டில் லேசாகப் பள்ளம் பறித்து, மணல் நிறத்திலேயே முட்டை இடும். மென்மையான ஓடுடைய லெய்த் ஆமையும் மணலை நம்பியே இனம் பெருக்குகிறது. தீபகற்ப இந்திய ஆறுகளுக்கே உரிய இந்த ஆமை இன்று மிகவும் அருகிவிட்ட உயிரினங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது.

செங்குத்து மண் கரையும் அப்படித்தான். கிட்டே போய்ப் பார்த்தால் அதில் கைமுட்டி அளவுத் துளைகள் தெரியும். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அலகால் குத்திக் காலால் மண்ணைத் தள்ளி, உள்ளே நீண்ட சுரங்கம் அமைத்து, அதன் கோடியில் குஞ்சு பொரிக்கின்றன. பாம்பும் கீரியும் செங்குத்தில் எளிதில் ஏற முடியாது என்பதால்தான் இந்த இடத் தேர்வு. கரையைச் சாய்வாக இழைத்துக் கல் பதித்தாலோ சிமெண்டு பூசினாலோ பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். அங்கே மீன்கொத்திக்கு வீடு இருக்காது.

கெடுப்பது எது?

மணல் அள்ளுவதுதான் முதல் கேடு. உலகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் கணக்கிட்டது. காவிரியும் கொள்ளிடமும் அதில் தங்கள் பங்கை இழந்திருக்கின்றன. மணல் போனால் முட்டையிடும் இடம் போகும். ஆற்றின் அடிமட்டம் தாழும். தாழ்ந்தால் பக்கத்துக் கிணறுகளிலும் நீர்மட்டம் இறங்கும். கரை மரத்தின் வேருக்கும் ஈரத்துக்கும் இடையே தொலைவு கூடும். லாரி இறங்குவதற்காகக் கரையை வெட்டிப் போடும் பாதையில் மரவரிசையும் அறுபடும். மேட்டூருக்கு மேலே அணைகள் வண்டலையும் மணலையும் நிறுத்திவிடுவதால், அள்ளிய இடம் முன்போல நிரம்புவதுமில்லை.

இரண்டாவது, காலம் தவறிய நீர். காவிரி நடுவர் மன்றம் 2007இல் வகுத்த மாதக் கணக்கில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. நான்கு மாதங்களும் சேர்ந்தால் 10 டி.எம்.சி. விநாடிக்குக் கிட்டத்தட்ட 1,000 கன அடி. முதலையும் ஆலாவும் முட்டையிடுவதும் மீன்கள் மடுவில் ஒண்டியிருப்பதும் இந்த நான்கு மாதங்களில்தான். அந்தச் சிறு ஓட்டம் நிற்காமல், சீராக வந்தால் மடு உயிரோடு இருக்கும், திட்டும் மூழ்காது. வராமலே இருந்து திடீரென்று அணை திறந்தாலோ முட்டைகள் ஒரே இரவில் அடித்துச் செல்லப்படும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரித் திட்டுகளில் அமைந்த ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சர் தலமானது. அங்கேயே கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து பெருநீர் திறக்கும்போது தாழ்வான கூடுகள் மூழ்குகின்றன. எவ்வளவு நீர் என்பதோடு எப்போது, எந்த வேகத்தில் என்பதும் கரையோர உயிர்களுக்கு முக்கியம்.

மேட்டூருக்குக் கீழே இன்னொரு மாற்றம். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை, வெண்டிப்பாளையம் என்று வரிசையாக மின்சாரக் கதவணைகள். ஓடிய ஆறு அங்கங்கே தேங்கிய குளங்களாகிவிட்டது. ஓட்டத்தை விரும்பும் மீனுக்கு அது ஒத்துவராது. தேக்கத்தை விரும்பும் ஆகாயத்தாமரைக்கும் ஜிலேபி மீனுக்கும் அது நல்ல வாய்ப்பு.

மூன்றாவது, வந்தேறி உயிர்கள். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர் 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. அதன் அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதியானது; அதே ஆண்டில் மிகவும் அருகிவிட்ட இனம் என்றும் அறிவிக்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம், வேறு படுகையிலிருந்து நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். மீன்குஞ்சு விடுவதெல்லாம் ஆற்றுக்கு நன்மை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். கரையிலோ சீமைக்கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் உண்ணிச்செடியும் பரவி, நீர்மத்தி விதை ஒதுங்கி முளைக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

நான்காவது, நேரடிக் கொலை. தோட்டா போட்டு மீன் பிடித்தால் பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும் நீர்நாயும் ஆமையும் சேர்ந்தே சாகும். சாக்கடையும் சாயக்கழிவும் செய்வது எல்லோரும் அறிந்ததே. திருப்பூரில் நொய்யலுக்கு நேர்ந்ததையும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்ததையும் யாரும் மறக்கவில்லை.

இவையெல்லாம் காவிரிக்கு மட்டும் வந்த நோய்கள் அல்ல. உலகெங்கும் கண்காணிக்கப்படும் நன்னீர் முதுகெலும்பு உயிர்களின் எண்ணிக்கை 1970 முதல் சராசரியாக 85 விழுக்காடு சரிந்திருக்கிறது என்று 2024ஆம் ஆண்டின் ‘வாழும் கோள்’ அறிக்கை சொல்கிறது. காட்டிலோ கடலிலோ இவ்வளவு சரிவு இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

நல்ல செய்தியும் உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. ஏற்கெனவே இருந்த காவிரி வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தையும் இது இணைக்கிறது. நீர்நாய், முதலை, லெய்த் ஆமை ஆகியவற்றின் பெயர்கள் அறிவிப்பிலேயே இடம்பெற்றன. யானைக்கும் புலிக்கும் மட்டுமே சரணாலயம் என்றிருந்த எண்ணத்தில் இது பெரிய மாற்றம். வந்தேறித் தாவரங்களை அகற்றத் தமிழ்நாட்டுக்கென்று தனிக் கொள்கையும் அதே ஆண்டில் வந்தது.

ஆனால் மேட்டூருக்குக் கீழே ஆறு ஊருக்கும் வயலுக்கும் நடுவே ஓடுகிறது. அங்கே கரை என்பது பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்கு. ஓடும் தண்ணீர் நீர்வளத் துறைக்கு, நிலம் வருவாய்த் துறைக்கு, மணல் கனிமவளத் துறைக்கு, மீன் மீன்வளத் துறைக்கு, குப்பை ஊராட்சிக்கு. கரையை முழுமையாகப் பார்க்கும் துறை எதுவுமில்லை. கடற்கரைக்கு 1991 முதல் ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. ஆற்றங்கரைக்கு அப்படி ஒரு நாடு தழுவிய விதி வேண்டும் என்று வரைவுகள் எழுதப்பட்டும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மணலைப் பொறுத்தவரை, எவ்வளவு சிறிய குவாரி என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2016இலும் 2020இலும் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. காகிதத்தில் விதி போதுமான அளவு இருக்கிறது. கரையில் நின்று பார்ப்பவர்தான் போதவில்லை.

கரையை மீட்பது எப்படி?

முதல் வேலை, இருப்பதைக் காப்பது. ஐம்பது ஆண்டு நின்ற நீர்மத்தியை வெட்டிவிட்டு ஐந்நூறு கன்று நட்டாலும் பாறுக் கழுகுக்குக் கூடு கிடைக்காது. எனவே முதிர்ந்த மரங்களும் அவற்றின் தொடர்ச்சியும் எங்கே மிஞ்சியிருக்கின்றன என்று கண்டு, அந்த இடங்களைத் தொடாமல் விடுவதுதான் செலவு குறைந்த, பலன் கூடிய வழி.

இரண்டாவது, தானாக வர விடுவது. மாடு மேய்வதையும் தீ வைப்பதையும் சில ஆண்டுகள் நிறுத்தினாலே பல கரைகளில் நாணலும் புங்கனும் நாவலும் தாமே தலையெடுக்கும். வெள்ளம் கொண்டுவரும் விதை இலவசம். அந்த மண்ணுக்கு ஏற்றதும்கூட.

மூன்றாவதுதான் நடுவது. அதிலும் எதை, எங்கே என்று பார்த்து நட வேண்டும். நீர் தொடும் விளிம்பில் வெட்டிவேர், கோரை, நாணல், நொச்சி. அதற்கு மேலே வெள்ளம் வந்து போகும் சரிவில் நீர்மத்தி, புங்கன், நாவல், அத்தி. இன்னும் மேலே இலுப்பை, வேம்பு, மூங்கில். விதையை அதே ஆற்றின் மேற்பகுதித் தாய்மரங்களிலிருந்து எடுப்பது நல்லது. மணல் திட்டில் மரம் நடக் கூடாது. அது வெறுமையாக இருப்பதுதான் அதன் பயன். அழகுக்காக வெளிநாட்டுப் பூமரங்களை வரிசையாக நடுவது பூங்காவுக்குச் சரி, கரைக்கு வேண்டாம்.

சீமைக்கருவேலத்தை அகற்றும்போது கவனம் வேண்டும். பொக்லைனைக் கரையில் இறக்கி ஒரே வாரத்தில் முழுவதையும் பறித்தால், வேரோடு கரை மண்ணும் தளர்ந்து அடுத்த வெள்ளத்தில் கரைந்து போகும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நாட்டு மரத்தை நட்டு, மறுமுளைப்பை மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்க வேண்டும். நட்ட நாளில் எடுக்கும் படத்தைவிட நான்காம் ஆண்டில் எடுக்கும் படம்தான் வேலை நடந்ததா என்பதைக் காட்டும்.

கரையோரத்தில் நிலம் வைத்திருப்பவர் உழவை நீர் விளிம்புவரை கொண்டுபோகாமல் ஒரு பட்டையை விட்டுவைக்கலாம். அது இழப்பாகத் தெரிந்தாலும் மிச்ச நிலத்தை வெள்ளத்திலிருந்து காப்பது அந்தப் பட்டைதான். மீனவருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நீர்நாய் வலையைக் கிழிக்கிறது என்ற அவர்கள் குறை நியாயமானது. வலைக்கு இழப்பீடு, முட்டையிடும் காலத்தில் மாற்று வருமானம் ஆகியவற்றை அரசு கொடுக்காமல் அவர்களிடம் பொறுமை மட்டும் கேட்பது அறமாகாது. எந்தத் திட்டில் முதலை முட்டையிடும், எந்த மடு கோடையில் வற்றாது என்பதெல்லாம் பரிசல் ஓட்டிகளுக்கும் மீனவருக்கும் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பாதுகாப்புத் திட்டம் அவர்களிடமிருந்து தொடங்கினால்தான் நிலைக்கும்.

நம் ஊரில் தொடங்க ஒரு வழி

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பதிவேடு பெயருக்கு எழுதி அலமாரியில் கிடக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டலாம். நம் எல்லைக்குள் ஓடும் ஆற்றில் மடு எங்கே, திட்டு எங்கே, முதிர்ந்த மரம் எத்தனை, மீன்கொத்திக் கரை எது, நீர்நாய் எச்சம் எந்தப் பாறையில் என்று பள்ளிப் பிள்ளைகளையும் மீனவரையும் சேர்த்துக்கொண்டு எழுதினால், அது ஆவணமாகும். நாளை ஒரு குவாரிக்கோ கரைப்பூச்சு வேலைக்கோ அனுமதி கேட்டு வரும்போது, இங்கே ஒன்றுமில்லை என்று யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானதும் இதே சட்டத்தின் வழியில்தான். ஆற்றங்கரை ஊர்களும் அந்த அறிவிப்பைக் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் மார்ச் 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் நாளில், கிராம சபை கூடுகிறது. ஆலாவும் முதலையும் முட்டையிட்டிருக்கும் மாதம் அது. காவிரி, பவானி, அமராவதி, கொள்ளிடக் கரை ஊர்களில் உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம்: நம் ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஆற்றங்கரை இருக்கிறதா? புறம்போக்குக் கரையில் நிற்கும் நாட்டு மரங்களை வெட்டுவதில்லை என்று தீர்மானம் போடலாமா? பிப்ரவரி முதல் மே வரை நம் எல்லையில் மணல் திட்டுகளைத் தொடாமல் விடலாமா? மூன்றுக்கும் பணம் தேவையில்லை. கேட்டுப் பதில் வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கும் ஊர், பத்து டி.எம்.சி.யின் பங்காளிகளுக்காக முதன்முதலாகப் பேசிய ஊராக இருக்கும்.